எப்படித் திருப்பினாலும்

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘அச்சு அசல்’. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சர்வசம உருவங்கள் என்ற பாடம் வரும்போதெல்லாம், “சர்வசமம்னா அச்சு அசலா அதேதான். ஒரு நூல் கூடினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்” என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் வராந்தாவில் வரும்போது “டேய், அச்சு வருது” என்ற குரலும் பெஞ்சுகள் இழுபடும் சத்தமும் கேட்கும். கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நுழைவேன். உள்ளுக்குள் எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. மற்ற ஆசிரியைகளுக்கு மூக்கை வைத்தும் நடையை வைத்தும் பெயர். எனக்கு மட்டும்தான் பாடத்தை வைத்துப் பெயர்.

இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். ஒரு கல்லை வைத்து நான் ஒரு மனிதரை அவமானப்படுத்தினேன். இப்போது எழுதும்போதுகூடக் காது மடல் சுடுகிறது.

சென்ற வருடம் எங்கள் சமையலறையை இடித்துக் கட்டினோம். அடுப்பு மேடை ஆங்கில ‘எல்’ எழுத்து மாதிரி வந்தது. ஜன்னல் சுவரோரம் நீளக் கை, அதன் முனையில் வலது பக்கமாகத் திரும்பும் குட்டைக் கை. குட்டைக் கையில் பாத்திரம் கழுவும் தொட்டி. “ரெண்டு கல்லாப் போட்டு மூலையில ஒட்டிடலாம் டீச்சர், அதான் எல்லாரும் செய்யறது” என்றார் வேலையை எடுத்திருந்த மேஸ்திரி. எல்லாரும் செய்வதை நான் எதற்குச் செய்ய வேண்டும்? ஒட்டு இருந்தால் அழுக்குச் சேரும், எனக்கு ஒரே கல்லாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கல் அறுப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

வந்தவர் அதிகம் பேசாத மனிதர். புருவத்தில்கூடக் கல்மாவு படிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, “அளவு எடுத்துக்கறேங்க” என்றார். நான் விடவில்லை. “நான் கணக்கு டீச்சர். அளவெல்லாம் நீங்க எடுக்க வேணாம். அட்டையிலயே வெட்டித் தர்றேன், அப்படியே கல்லு மேல வெச்சு வரைஞ்சுக்குங்க.”

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒட்டி, ஆறரை அடி நீளக் கையும் நாலு அடி குட்டைக் கையுமாக ஒரு முழு அளவு ‘எல்’லை வெட்டினேன். தொட்டிக்கு ஓட்டையும் போட்டேன். செங்கல் மேடையின் மேல் வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் வாயால் இரண்டு தடவை பாராட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு நிறம். எது மேல் பக்கம் என்று நான் குறிக்கவில்லை. முக்கோணத்தின் முனைக்குப் பெயர் எழுத மறந்தால் அரை மதிப்பெண்ணைப் பிடுங்குகிறவள் நான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கல் அறுப்பவர் போன் செய்தார். சீப்பு தலையில் இருந்தது. பக்கத்தில் கணவர் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஸ்லாப்ல ஒரு மூலையில மெல்லிசாக் கீறல் ஓடுது. அட்டையை இப்படி வெச்சா கீறல் உள்ள வந்துடுது. சுத்திப் பார்த்தும் தப்பிக்க வழியில்ல. திருப்பி வெச்சா தப்பிச்சுக்கலாம். அட்டையில மேல் பக்கம் எதுன்னு போடல, அதான் உங்களைக் கேட்டுக்கிட்டு வெட்டலாம்னு. திருப்பலாமா?”

பேருந்துக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது. “தாராளமாத் திருப்புங்க. எப்படித் திருப்பினாலும் அதே உருவம்தான். எங்க பாஷையில அதுக்குப் பேரு சர்வசமம்” என்று சொல்லிச் சிரித்தேன்.

“சரிங்க டீச்சர். நீங்க சொன்னா சரி” என்று வைத்துவிட்டார்.

அவர் கேட்டது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சாவியைத் திருப்புவதும் திருப்புவதுதான், புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதும் திருப்புவதுதான். சாவி இருந்த இடத்திலேயே சுற்றும். பக்கம் கவிழ்ந்து மறுபுறத்தைக் காட்டும். கல் பட்டறையில் முதலாவதற்குச் சுற்றுவது என்றுதான் பெயர், திருப்புவது என்றால் கவிழ்ப்பது. அவர் அந்த இரண்டு வார்த்தைகளையும் தனித்தனியாக, என்னைவிடத் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டார். நான் சாவியை நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் பேருந்தை நினைத்தேன்.

சனிக்கிழமை கல் வந்தது. நாலு பேர் தூக்கிவந்து மேடையில் வைத்தார்கள். நீளக் கையை ஜன்னல் சுவரோரம் வைத்தால் குட்டைக் கை இடது பக்கம் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. தொட்டிக்கான ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. “சுத்திப் பாருங்கப்பா” என்றார் மேஸ்திரி. சுற்றினார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கை வேண்டாத இடத்தில் நின்றது. கடைசியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். அப்படியே பொருந்தியது. மூலைகள் சுவரைத் தொட்டன, ஓட்டை தொட்டிக்கு நேராக வந்தது. அச்சு அசல். என்ன ஒன்று, கண்ணாடி மாதிரி பளபளத்த முகம் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது, ரம்பக் கோடு விழுந்த சொரசொரப்பான முதுகு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல் அறுப்பவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். “டீச்சர், நான் போன்ல கேட்டேனே… நீங்கதானே திருப்பலாம்னு…”

அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சீப்பு, ஏழு நிமிடம், என் சிரிப்பு எல்லாம். இதைப் பூசி மெழுகப் போவதில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் கத்தினேன்.

“திருப்பலாம்னுதான் சொன்னேன். கவிழ்க்கச் சொன்னேனா? ஏழாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் ரெண்டுக்கும் வித்தியாசம்! கவிழ்த்து வெட்டினா பளபளப்பு கீழ போயிடும்னுகூடத் தெரியாதா உங்களுக்கு? தொழில் தெரியாதவங்கள்லாம் எதுக்கு ரம்பத்தைத் தூக்கிட்டு வர்றீங்க?”

என் குரல் வகுப்பறைக்குப் பழகிய குரல். கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கியது. தெருமுனை வரை போயிருக்கும். கணவர் ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களுக்குத் திருப்புறதுன்னா அதுதாங்க” என்றார் கல் அறுப்பவர், தரையைப் பார்த்து. மேஸ்திரிதான் முந்திக்கொண்டு, “விடுங்க டீச்சர், இனிமே இந்த ஆளை நான் எந்த வேலைக்கும் கூப்பிடறதா இல்ல” என்றார். கல்லை மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். நான் “போங்க, போங்க” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைப் பிடித்திருந்த அந்தக் கையை என்ன செய்யலாம் என்று இப்போதும் தெரியவில்லை.

பிறகு வேறொருவர் வந்து இரண்டு கல்லாகப் போட்டு மூலையில் ஒட்டினார். பள்ளியில் ஓய்வறையில் இதை ஒரு நகைச்சுவைக் கதையாகவே சொன்னேன். “ஒரு ஆளு, பிரதிபலிப்பைச் சுழற்சின்னு நெனச்சுட்டாரு” என்றதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு தடவை சொன்ன பிறகு எனக்கே அது நிஜமாக நடந்த மாதிரி ஆகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து வகுப்பில் அதே பாடம் வந்தது. ஒரு உருவத்தை அதன் வடிவமும் அளவும் கெடாமல் இடம் மாற்ற எத்தனை வழி உண்டு என்பதுதான் பாடம். புத்தகத்தில் இடப்பெயர்வு, சுழற்சி, பிரதிபலிப்பு என்று கனமான சொற்களாகப் போட்டிருப்பார்கள். நான் அதைச் சில்லறையாக மாற்றிக் கொடுப்பேன். “மூணே மூணு வேலைதான் செய்யலாம். தள்ளலாம், சுத்தலாம், கவிழ்க்கலாம். இழுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. இந்த மூணுல எதைச் செஞ்சாலும், எத்தனை தடவை செஞ்சாலும், ஒண்ணு மேல ஒண்ணு பொருந்திச்சுன்னா?” “சர்வசமம்!” என்று வகுப்பே கத்தும். அட்டையில் வெட்டிய முக்கோணத்தைத் தள்ளினேன், சுற்றினேன், கவிழ்த்தேன். கவிழ்க்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. அதைப் பிள்ளைகள் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். உயரமாக, ஒடிசலாக இருப்பாள். வகுப்பில் யாருக்கு எப்போது அளவுகோல் வேண்டுமானாலும் அவளிடம் இருக்கும். அதனால் எல்லாருக்கும் அவள் ‘ஸ்கேல்’. நான் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவாள், நான் வகுப்பில் நுழைந்ததும் முதலில் தேடுவது அவள் முகத்தைத்தான். அந்த மாதம் முழுக்க அவள் கை மேலே வரவில்லை. “என்ன, ஸ்கேல் ஒடிஞ்சு போச்சா?” என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தேன். பெற்றோர் கூட்டத்துக்கும் அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. “அப்பாவுக்கு வேலை இருக்கு மிஸ்” என்றாள். “பொண்ணு படிப்பைவிட அப்படி என்ன பெரிய வேலை?” என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டாள். திமிர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் முடிந்ததும் தேர்வு வைத்தேன். நாலாவது கேள்வியில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு உருவங்களை வரைந்து, ‘இவை சர்வசமமா? காரணம் கூறுக’ என்று கேட்டிருந்தேன். ஆம், ஒன்றைக் கவிழ்த்தால் மற்றதன் மேல் பொருந்தும் என்று எழுதினால் மூன்று மதிப்பெண். திருத்தும்போது முதல் வார்த்தையை மட்டும் பார்ப்பேன். ‘இல்லை’ என்று இருந்தால் குறுக்குக் கோடு. மீதியைப் படிக்க எனக்கு நேரம் ஏது?

விடைத்தாள் கொடுக்கும் நாளில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பான பதில்களைச் சத்தமாகப் படிப்பேன். பெயர் சொல்ல மாட்டேன், எழுதியவர் தானாக எழுந்து நிற்க வேண்டும். இதைக் கண்டிப்பு என்று நினைத்திருந்தேன். அன்று ஒரு தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

“‘சர்வசமம் இல்லை. ஒன்றைக் கவிழ்த்தால்தான் இன்னொன்றின் மேல் பொருந்தும். கவிழ்த்தால் பளபளப்பு கீழே போய்விடும்.’”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். “யாருப்பா அது, என் கேள்வித்தாளுக்குப் பாலிஷ் போட்டது?” என்று கேட்டுவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.

“‘கவிழ்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் தொழில் தெரியாதவர்கள்.’”

தாளைக் கீழே வைத்தேன். அந்தச் சொற்கள் என்னுடையவை. என் சமையலறையில், என் வாயிலிருந்து வந்தவை. வகுப்பு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஸ்கேல் எழுந்து நின்றாள். மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கவிழ்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னது யார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“உக்காரு” என்றேன். மற்ற தாள்களை யாருக்குக் கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன் என்று நினைவில்லை. மணி அடித்ததும் ஓய்வறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். தந்தையின் தொழில்: கல் அறுக்கும் பட்டறை. வருட ஆரம்பத்திலிருந்து என் மேசையில் கிடக்கும் பதிவேடு அது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். “அன்னைக்குக் கல்லு வெட்டறவர் போன் பண்ணினாரே, நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

“எப்படித் திருப்பினாலும் அதே உருவம்தான்னு சொன்னே. ஏதோ பேரு சொல்லிச் சிரிச்சே.” யோசிக்கக்கூட இல்லை அவர்.

“அப்ப நான் கத்தினப்ப ஏன் வாயே திறக்கல?”

“திறந்திருந்தா அடுத்த திட்டு எனக்கு.” பிறகு, “நான் பேசியிருக்கணும்தான். அந்த மனுஷன் என்னைத்தான் பார்த்தாரு” என்றார்.

“மேஸ்திரிக்கு?”

“அவருக்குத் தெரியாமலா? உன் அட்டையில மேல் பக்கம் போடாததைக் காட்டி, உனக்குப் போன் பண்ணினதையும் அந்த ஆளு அவர்கிட்டச் சொன்னாரே. வீட்டுக்காரங்க கத்தும்போது யாரு வம்பை வளர்ப்பாங்க?”

ஆகக்கூடி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த குட்டு, வைத்த அன்றே உடைந்து கிடந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் நான் துணியில்லாமல் நின்றுகொண்டு, அடுத்தவர் சட்டையில் கறை என்று கத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே மேஸ்திரிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, கல் அறுப்பவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார் என்று சொன்னேன். “அட, அது பழைய கதை டீச்சர்” என்று சங்கடமாகச் சிரித்தார். அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்றேன். சரி என்றார். இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போனேன்.

தகரக் கூரை போட்ட பட்டறை. ரம்பத்தின் மேல் குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, சாம்பல் நிறச் சேறு காலடியில் ஓடி வாய்க்காலில் விழுந்தது. சுவரில் கற்பலகைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. என்னைப் பார்த்ததும் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எங்கள் கல்லைக் கண்ணால் தேடினேன். “அது துண்டு போட்டு மாடிப்படிக்குப் போயிடுச்சுங்க” என்றார், நான் கேட்காமலே.

நான் ஆரம்பித்தேன். “அன்னைக்கு நடந்தது ஒரு வார்த்தைக் குழப்பங்க. திருப்புறதுங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு பாருங்க…” பையில் சுண்ணக்கட்டி இருந்தது. எடுத்து அவருடைய கல்லின் மேலேயே இரண்டு ‘எல்’ வரைந்தேன். ஒன்றுக்குச் சுழற்சி என்று எழுதினேன், இன்னொன்றுக்குப் பிரதிபலிப்பு. தட்டையான தாளில் கவிழ்க்கலாம், ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்ட கல்லைக் கவிழ்க்க முடியாது என்று அவருக்கே விளக்கினேன். முப்பது வருடமாகக் கல் அறுக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் முடித்ததும், “இந்தப் பாடம் பாப்பா புத்தகத்துல நானும் பார்த்தேங்க” என்றார். “கவிழ்த்தாலும் சர்வசமம்தான்னு போட்டிருக்கு. அப்ப நீங்க சொன்னது சரி. நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்னு நாலஞ்சு தடவை படிச்சேன். எங்கன்னுதான் பிடிபடல.”

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. “நீங்க கோட்டை விடலங்க. நீங்க கேட்டது சரி. பார்க்காம பதில் சொன்னது நான். தப்பு என்னுது. மேஸ்திரிகிட்டயும் காலையில சொல்லிட்டேன்.”

“கூப்பிட்டாருங்க. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு.” தண்ணீர்க் குழாயை இன்னும் இறுக்கி மூடினார். “வேலை இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும் டீச்சர். அது பெருசில்ல. அன்னைக்குப் பாப்பா வண்டியில உக்காந்திருந்தா. கல்லை இறக்கிட்டு அவளுக்குச் செருப்பு வாங்கப் போறதா இருந்தோம். உங்க சத்தம் அவளுக்குக் கேட்டுடுச்சு.”

நான் சுண்ணக்கட்டியைப் பைக்குள் போட்டேன்.

“நடந்ததை நடந்தபடி சொன்னேன். நம்பல. ‘எங்க மிஸ் தப்பா சொல்லவே மாட்டாங்க, நீங்கதான் தொழில் தெரியாம கெடுத்துட்டீங்க’ன்னுட்டா. செருப்பும் வேணாம்னுட்டா. பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதீங்கன்னு சொல்லியிருக்கா. கேட்டா, அப்பா என்ன வேலை பார்க்கறாருன்னு சொல்ல வெக்கமா இருக்குன்றா.” அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “பின்னாடிதான் வீடு. உள்ள படிச்சுட்டிருக்கா. நான் சொன்னா எடுபடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நல்லாருக்கும்.”

அவள் என்னை நம்பினாள். பெற்ற அப்பாவை விட்டுவிட்டு என்னை நம்பினாள். பத்தொன்பது வருடமாக ஒரு நூல்கூடப் பிசகாது என்று நான் பீற்றிக்கொண்டதை நிஜம் என்று எடுத்துக்கொண்ட ஒரே பிள்ளை அவள்தான் போலிருக்கிறது.

பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் மடக்கு மேசை, அதில் அவள் புத்தகங்கள் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் வகுப்பில் மாதிரியே எழுந்து நின்றாள். “உக்காரும்மா” என்றேன். உட்காரவில்லை.

“நாலாவது கேள்வியில உன் பதில்ல ஒரு பகுதி சரிதான்…” என்று சுற்றி வளைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சப்பைக்கட்டு பாதியில் நின்றது. “அது கிடக்கட்டும். உங்க அப்பா கல்லை வெட்டறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. திருப்பலாமான்னு சரியாத்தான் கேட்டாரு. நான்தான் யோசிக்காம, எப்படி வேணா திருப்புங்கன்னு சொன்னேன். அவர் மேல தப்பே இல்ல. அவருக்குத் தொழில் நல்லாத் தெரியும். தப்பு என்னுது.”

அவள் வகுப்பில் சந்தேகம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

“அது உங்களுக்கு எப்போ தெரியும் மிஸ்?”

நேற்றுத்தான் புரிந்தது என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அந்தப் பொய்யைப் பிடிக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது.

“அன்னைக்கே தெரியும். கத்தறதுக்கு முன்னாடியே தெரியும்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பேனாவை மூடி வைத்தாள். என்னைத் தாண்டி வெளியே போனாள். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை, ஈரச் சேற்றில் அவள் பாதம் பதிவது ஜன்னலில் தெரிந்தது.

அவள் அப்பா அங்கே, அறுத்த கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். குழாய்ச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் குழாயை மூடினார்.

“மன்னிச்சிடுங்கப்பா” என்றாள். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவர் கை முழுக்கச் சாம்பல் சேறு. அவளைத் தொடாமல், முழங்கையால் அவள் தோளை மெல்ல இடித்தார். அவள் அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் அந்த அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். வந்ததிலிருந்து அவரிடம் சுழற்சியைச் சொல்லியிருந்தேன், பிரதிபலிப்பைச் சொல்லியிருந்தேன், மேஸ்திரியிடம் பேசியதைச் சொல்லியிருந்தேன். தப்பு என்னுது என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தேன். ஒரு தப்பும் செய்யாத பிள்ளை சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தையை, நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.